தண்ணீருக்கும் ஊர் கேட்கவேண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒருவர் தம் வளவுக்குள் ஆழக் குழி தோண்டினால் அதில் தண்ணீர் வரவேண்டும் என்பதே அவருடைய வேண்டுதலாக இருக்கும். நல்ல தண்ணீர் வந்துவிட்டால் பொங்கிப் படைத்து ஊருக்கெல்லாம் சொல்வார். அதே மனிதர் கடல் கடந்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து, ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு வீட்டை வங்கியுடன் கூட்டாக வாங்கியபின், அந்த வீட்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் ஒரு சொட்டும் வந்துவிடக்கூடாது என்று அதே தெய்வத்திடம் மன்றாடுவதும், வந்துவிட்டால் அயலவருக்குக்கூடத் தெரியாமல் மறைப்பதும் புலம்பெயர் வாழ்வின் கவனிக்கத்தக்க முரண்களுள் ஒன்றாகும்.

பேஸ்மென்ற் என்று அங்கு சிறு குழந்தையும் அழைக்கும் இந்த நிலக்கீழ்த் தளம் ஆடம்பரத்துக்காகத் தோன்றியதன்று. தென் ஒன்ராறியோவில் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து பருத்து நிலத்தை மேலே தள்ளும் என்பதால், அத்திவாரத்தின் அடி அந்த உறைவு எட்டாத ஆழத்தில், ஏறத்தாழ 1.2 மீற்றருக்குக் கீழே, அதாவது நான்கடிக்குக் கீழே அமையவேண்டும். எப்படியும் நான்கடி தோண்டியாயிற்று, இன்னும் நான்கடி தோண்டினால் ஒரு தளம் இலாபம் என்ற சிக்கனக் கணக்கே பேஸ்மென்றின் பிறப்புக்கு ஒரு முக்கிய காரணம். சிக்கனத்தில் பிறந்த பலவற்றைப் போலவே இதுவும், மிச்சம்பிடித்த பணத்தைப் பிற்காலத்தில் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது.

1980களில் வந்திறங்கிய ஈழத்தமிழரிற் பலருக்குக் கனடா என்பது முதலில் ஒரு பேஸ்மென்றாகவே அறிமுகமாயிற்று. ஒடுங்கிய யன்னல் வழியே வழிப்போக்கரின் சப்பாத்துகளைப் பார்த்து அவர்கள் அந்த நாட்டைப் பற்றிய தம் முதற் கருத்துகளை உருவாக்கிக்கொண்டார்கள். பின்னர் அவர்களே வீட்டுக்காரர்கள் ஆனபோது அந்தத் தளம் வேறு அவதாரங்கள் எடுத்தது. இருபது கிலோ அரிசி மூட்டைகள், மீன் நிரம்பிய பெரிய உறைபெட்டி, 1992இல் நடந்த கலியாணத்தின் வீடியோ கசற்றுகள், எவருடையவை என்று எவருக்கும் நினைவில்லாத மூன்று சூட்கேஸ்கள், உடற்பயிற்சிக்கென வாங்கப்பட்டு உடுப்பு உலரவிடும் கொடியாகப் பணி உயர்வு பெற்ற ஓடுபொறி ஆகியன அங்கே இடம்பெற்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, மேல்தளத்துக் குசினியில் மீன் பொரித்த மணம் ஏறிவிடக்கூடாது என்பதற்காக அமைக்கப்பட்ட இரண்டாவது குசினி அங்கே வந்து சேர்ந்தது. ஈரத்தைச் சிறிதும் தாங்காத பொருள்களையும், ஈரத்தை இடைவிடாது உண்டாக்கும் ஒரு குசினியையும், நிலத்துக்கு அடியிலுள்ள ஒரே அறையில் சேர்த்து வைத்தபின், அங்கே ஈரலிப்பு வருகிறதே என்று வியப்பதற்குத் தனித் துணிவு வேண்டும்.

ஈரலிப்பு வந்ததும் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். கோவிலில் கண்டவர் ஒரு பூச்சைச் சொல்வார், பிறந்தநாள் விழாவில் கண்டவர் ஒரு பம்மைச் சொல்வார், மச்சான் முறையானவர் தம் வீட்டில் வேலை செய்தவரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பார். வீட்டுக்காரர் மூவர் சொன்னதையும் வாங்கிவிட்டு, ஈரம் போகாததற்குக் காலநிலை மாற்றத்தைக் குறைகூறுவார். இங்கே விடுபட்டுப்போனது ஒரு கேள்வி. புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயரைக் கேட்குமுன்னே “நீங்கள் ஊரில எந்த இடம்?” என்று தொடங்கி, ஒழுங்கை, கோவில், பள்ளிக்கூடம், தாய்வழி, தந்தைவழி எனப் படிப்படியாக இறங்கி, அவர் தமக்கு எந்த வகையில் உறவு என்று நிறுவும்வரை ஓயாத ஒரு சமூகம், தன் வீட்டுச் சுவரில் புதிதாக வந்து குந்தியிருக்கும் தண்ணீரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்டேயாகவேண்டும் என்பதே இதை எழுதுபவரின் துணிபு; ஏனெனில் கூரையிலிருந்து வந்த நீர், நிலத்திலிருந்து கசிந்த நீர், கழிவுக் குழாயில் பின்னோக்கி ஏறிய நீர், காற்றிலிருந்து படிந்த நீர் ஆகிய நான்கும் பார்வைக்கு ஒரே முகச்சாயல் கொண்டவையாயினும், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றைப் பெருக்கிவிடக்கூடும்.

விசாரணைக்கு எளிய கருவி ஒன்று உண்டு. பதினெட்டு அங்குலச் சதுரமான தெளிந்த பிளாஸ்ரிக் தாளைக் கொங்கிறீற் நிலத்தின்மேல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஒருநாள் விட்டுப் பார்க்கவேண்டும். தாளின் அடியில் நீர் முத்துகள் நின்றால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது என்றும், தாளின் மேற்பரப்பு நனைந்திருந்தால் அறைக் காற்றிலிருந்து படிகிறது என்றும் பொதுவாகக் கொள்ளலாம். ஒரு டொலருக்கும் குறைவாகச் செலவாகும் இந்தச் சோதனையைச் செய்தவர்களைக் காண்பது அரிது. பன்னிரண்டாயிரம் டொலர் கொடுத்துத் தவறான வைத்தியம் செய்தவர்களை எந்தக் கலியாண மண்டபத்திலும் ஒரு மேசை நிறையக் காணலாம்.

கூரை நீரை முதலில் விசாரிப்பது வழக்கம், அது மிகவும் ஏராளமானது என்பதால். நூறு சதுர மீற்றர் கூரையின்மேல் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் நீர் சேரும். 2013 யூலை 8ஆந் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பதிவானதுபோல் ஒரே மாலையில் 126 மில்லிமீற்றர் பெய்தால், அதே கூரையிலிருந்து 12,600 லீற்றர் இறங்கும். இவ்வளவையும் தாழ்வாரப் பீலி பக்குவமாகச் சேர்த்து, செங்குத்துக் குழாய் வழியே கொண்டுவந்து, அத்திவாரச் சுவரின் காலடியிலேயே ஊற்றிவிடும் வீடுகள் இன்றும் தெருவுக்குத் தெரு உள்ளன. குழாயின் முனை சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளியிருக்கவேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள நிலமும் முதற் பத்தடிக்குள் ஆறு அங்குலமாவது வெளிநோக்கிச் சரிந்திருக்கவேண்டும்.

இந்தச் சரிவுதான் தமிழ் வீடுகளில் பெரும் சோதனைக்கு உள்ளாகிறது. வெயிலுக்கு ஏங்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தெற்குச் சுவரின் வெதுவெதுப்பு உகந்தது என்று கண்டறிந்த தாத்தாமார், குடாநாட்டுத் தோட்டங்களிற் கற்ற கைநேர்த்தியோடு சுவரோரமாகவே பாத்தி கட்டி, ஒரு சொட்டும் வெளியே ஓடிவிடாதபடி வரம்பு பிடித்து, காலையும் மாலையும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பாத்தியின் இலக்கணம் நீரைத் தேக்கிக் கீழே இறக்குவது. அவ்வாறு இறங்கும் நீர் வேறெங்கும் போகாமல் பேஸ்மென்ற் சுவரைத் தேடிச் செல்கிறது. மிளகாய் நன்றாகக் காய்க்கும் ஆண்டுகளில் சுவர் அதிகமாக வியர்ப்பதை யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் தாத்தாவிடம் சொல்வதில்லை.

நிலத்து நீரின் குணம் வேறு; அது அவசரப்படாது. மண் நிறைய நீர் கோத்துக்கொண்டால், நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் கீழே சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரிலும் ஏறத்தாழ ஒரு தொன் நிறைக்குச் சமமான அழுத்தம் விழும். நீர்நிலை அழுத்தம் எனப்படும் இதற்கு மயிரளவு வெடிப்பே வாசலாகப் போதும். வெடிப்பே இல்லாவிட்டாலும் கொங்கிறீற்றினுள் உள்ள நுண்ணிய துளைகள் நீரை மேல்நோக்கி இழுக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதற்குக் காரணமான இந்த மயிர்த்துளை ஏற்றம், அத்திவாரம் போடும்போது இடையில் தடுப்புப் படலம் வைக்காத பழைய வீடுகளில் ஓயாது நடந்துகொண்டிருக்கும். ஏறிய நீர் சுவரின் உட்புறத்தில் ஆவியாகும்போது, தான் சுமந்துவந்த உப்புகளை வெண்பொடியாக விட்டுச்செல்லும். உப்புப் பூத்தல் எனப்படும் இந்தப் பொடியைப் பூஞ்சணம் என்று அஞ்சி மருந்தடிப்பவர் பலர். ஒரு சொட்டு நீர் விட்டால் உப்புக் கரைந்துவிடும், பூஞ்சணம் கரையாது.

இந்த நீரை வெளியே கொண்டுசெல்ல அத்திவாரத்தின் அடியைச் சுற்றித் துளையிட்ட குழாயும் அதன்மேற் சரளையும் இடுவார்கள். சரளையும் வடிகாலும் சேர்ந்த இந்த முறையை 1859இல் வெளியிட்ட தம் வேளாண் வடிகால் நூலால் பரப்பியவர் ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச் என்ற அமெரிக்க வழக்கறிஞர். அவருடைய குடும்பப் பெயராலேயே அது பிரெஞ்சு வடிகால் எனப்படுகிறது, பிரான்சு நாட்டுக்கு இதிற் பங்கில்லை. அவருடைய மகன் டானியேல் செஸ்ரர் பிரெஞ்ச், வொஷிங்ரனிலுள்ள லிங்கன் நினைவகத்தில் அமர்ந்த கோலத்திலுள்ள லிங்கனின் சிலையை வடித்த சிற்பி. மகனின் படைப்பைப் பார்க்க ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் போகிறார்கள். தகப்பனுடையது மண்ணுக்கடியிற் கிடந்து, அடைபட்ட அன்று மட்டும் நினைக்கப்படுகிறது. வடிகாலில் சேரும் நீர் ஒரு குழிக்கு வந்து, அங்கிருந்து சம்ப் பம் என்னும் நீரிறைக்கும் பொறியால் வெளியே தள்ளப்படும். கடும் புயல் மழையின்போது மின்சாரம் நின்றுபோவது இயல்பு என்பதும், மின்சாரம் நின்றால் பம் நிற்கும் என்பதும் தனித்தனியே அனைவரும் அறிந்தவை. இரண்டையும் சேர்த்து யோசித்து மாற்று மின்கலம் வாங்குபவர் மட்டும் சிலரே. உட்சுவரிற் பூசும் நீர்த்தடுப்பு மையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை: அழுத்தம் பின்னாலிருந்து வரும்போது அது உரியும்.

மூன்றாவது நீர் பற்றிப் பேசுகையில் நாகரிகம் கருதிச் சில சொற்களை மறைக்கவேண்டியுள்ளது. பெருமழையில் தெருக் கழிவுக் குழாய்கள் நிரம்பி வழியும்போது, அந்த நீர் தனக்கு எட்டக்கூடிய தாழ்ந்த வாசலைத் தேடிப் பின்னோக்கி வரும். அந்த வாசல் பேஸ்மென்றின் நிலத்திலுள்ள வடிதுளையாகவோ அங்குள்ள மலசலகூடமாகவோ இருக்கும். 2005 ஓகஸ்ட் 19ஆந் திகதிப் புயலில், பிளாக் கிறீக் ஓடையைக் கடக்கும் பிஞ்ச் அவெனியூ வீதியே அடித்துச் செல்லப்பட்ட அன்று, ஆயிரக்கணக்கான வீடுகளில் இவ்வாறு நிகழ்ந்தது. இதைத் தடுப்பது பின்னோட்டத் தடுப்பு வால்வு. வெளியே போகும் நீருக்குத் திறந்து, திரும்பி வரும் நீருக்கு மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு அது. வால்வு, பம் முதலியவற்றைப் பொருத்துவதற்கு ரொறன்ரோ மாநகரசபை பல ஆண்டுகளாக ஒரு வீட்டுக்கு 3,400 டொலர் வரை மானியம் கொடுத்துவந்தது.

ஆனால் வால்வுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. அது மூடியிருக்கும் வேளையில் வெளியிலிருப்பது உள்ளே வராததுபோல் உள்ளே இருப்பதும் வெளியே போகாது. மேலே அறுபது விருந்தினர் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, வெளியே வானம் பிளந்துகொண்டு கொட்டும் நேரத்தில், இனி யாரும் தண்ணீர் இழுத்துவிடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் மனவுறுதி எந்த வீட்டுக்காரருக்கும் வாய்ப்பதில்லை. கூரைப் பீலியும் அதே கழிவுக் குழாயோடு உள்ளே இணைக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: தெருவுக்கு வழியடைபட்ட கூரை நீர் முழுவதும் வீட்டுக்குள்ளேயே பொங்கிவிடும். ரொறன்ரோவில் பீலிக் குழாய்களைக் கழிவுக் குழாயிலிருந்து துண்டிப்பது 2011 முதல் 2016 வரை கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது இத்தகைய காரணங்களுக்காகவே. வசதி படைத்தோருக்கு இத்துன்பம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2024 யூலை 16ஆந் திகதி நகரத்தில் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர் மழை பெய்தபோது, உலகப் புகழ்பெற்ற பாடகர் டிறேக் தம் மாளிகைக்குள் சேற்று நீர் பாய்வதைக் காணொளியாகவே வெளியிட்டார். அன்று ஸ்காபரோவில் வாளியோடு நின்ற பலருக்கு அது எந்த மானியத்தையும்விட ஆறுதலளித்தது.

எனினும் மிக நுட்பமானதும், தமிழரின் உள்ளுணர்வை முற்றிலும் தோற்கடிப்பதும் காற்றில் வரும் நீரே. வெப்ப நாட்டில் வளர்ந்தவருக்கு ஈரவாடைக்கு ஒரே மருந்துதான் தெரியும்: “அண்ணை, யன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ, காத்து வரட்டும்.” ரொறன்ரோவின் யூலை மாதத்தில் இதுவே நோய். வெளிக்காற்று 28 பாகை செல்சியஸ் வெப்பமும் 70 வீத ஈரப்பதனும் கொண்டிருந்தால், அதன் பனிபடுநிலை, அதாவது எந்த அளவுக்குக் குளிர்ந்தால் காற்று தன்னிடமுள்ள ஆவியை நீராகக் கைவிடுமோ அந்த வெப்பநிலை, ஏறத்தாழ 22 பாகை. மண்ணோடு ஒட்டிய பேஸ்மென்ற் சுவரோ கோடையிலும் 18 பாகையில் நிற்கும். ஆகவே திறந்த யன்னல் வழியே காற்று வரும், வந்து சுவரைத் தொடும், தொட்டவுடன் நீராக மாறி இறங்கும். சுவர் நனைந்ததைக் கண்டவர் காற்றுப் போதவில்லை என்று முடிவுசெய்து இரண்டாவது யன்னலையும் திறப்பார். குளிர்காலத்தில் கணக்குத் தலைகீழாகும். வெளியே உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே 80 வீத ஈரப்பதனோடு நிற்கும் காற்றை உள்ளே எடுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் பத்து வீதமளவுக்கு இறங்கிவிடும். யன்னலைத் திறந்தால் ஈரம் குறையும் காலம் குளிர்காலம். அப்போது அதைத் திறக்கச் சொல்ல எந்த அண்ணைக்கும் தைரியம் வராது.

எனவே கோடையில் யன்னலை மூடிவிட்டு, டிஹியூமிடிபயர் எனப்படும் ஈரநீக்கிப் பொறியை ஓடவிட்டு, ஈரப்பதனை 50 வீதத்துக்குக் கீழே வைத்திருப்பதே முறை. 60 வீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சணம் குடியேறும். பொறியின் வலிமையை நாளொன்றுக்கு எத்தனை பைந்த் நீர் எடுக்கும் என்று அளப்பார்கள். 2019இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சோதனை வெப்பநிலையை ஏறத்தாழ 27 பாகையிலிருந்து, பேஸ்மென்றின் உண்மை நிலைக்கு நெருங்கிய 18 பாகைக்கு மாற்றியபோது, எழுபது பைந்த் என்று மார்தட்டிய பொறிகள் ஒரே இரவில் ஐம்பதுக்கு இறங்கின. பொறியின் வாளி நிறைந்ததும் அது தானே நின்றுவிடும் என்பதால், வாளியை ஊற்றுவது யாருடைய கடமை என்ற வழக்குப் பல குடும்பங்களில் இன்னும் தீர்ப்பின்றிக் கிடக்கிறது. ஒரு நீளக் குழாயை வடிதுளைக்கு விட்டால் வழக்கே எழாது. வாளி நீரை வீணாக்க மனமின்றிச் சுவரோர மிளகாய்ப் பாத்திக்கு ஊற்றுகிறவர், அதே நீரை மறுபடி மறுபடி மின்கட்டணம் செலுத்தி இறைத்துக்கொண்டிருக்கிறார். யன்னலைத் திறந்துவைத்து இந்தப் பொறியை ஓடவிடுகிறவர் ஒன்ராறியோ ஏரியையே வற்றவைக்க முயல்கிறார், ஏரி அவசரப்படவில்லை.

காற்றில் நீரை ஏற்றுவது கோடை மட்டுமன்று. நால்வருள்ள குடும்பம் மூச்சாலும் குளியலாலும் சமையலாலும் நாளொன்றுக்குப் பத்து லீற்றர் அளவில் நீரை வீட்டுக் காற்றில் விடும் என்பது பொதுவான கணக்கு. கணக்குப் போட்டவர்கள் நாற்பது பேருக்கு இடியப்பம் அவிக்கும் கீழ்க் குசினியைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. தட்டுத் தட்டாக நீராவி எழும் அந்த அடுப்புக்கு மேலே உறிஞ்சு விசிறி ஒன்று கம்பீரமாக இரைந்துகொண்டிருந்தாலும், அவற்றுட் பல வெளிக்குழாய் இல்லாதவை. கொழுப்பையும் மணத்தையும் ஓரளவு வடிகட்டிவிட்டு, ஆவியைச் சமைப்பவரின் முகத்துக்கே திருப்பிக் கொடுப்பவை. விசிறிக்கு வெளியே போகும் குழாய் உண்டா என்பதை வாங்குமுன் பார்ப்பது நலம்.

புது வீடு வாங்கியவருக்கு ஒரு சொல். புதிதாக வார்த்த கொங்கிறீற் தன்னுள் மிஞ்சிய நீரை ஓரிரு ஆண்டுகள்வரை மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். வாடகைக்கு ஆள் காத்திருக்கிறது என்று முதற் கோடையிலேயே மரச்சட்டம் அடித்து, பஞ்சு வைத்து, பிளாஸ்ரிக் படலம் போர்த்து, பலகை மூடினால், சுவரிலிருந்து வரும் ஈரம் படலத்துக்குப் பின்னால் அகப்பட்டு மரத்தையும் பஞ்சையும் நனைக்கும். பேஸ்மென்றின் உட்புறத்தில் இந்தப் படலமே வேண்டாம் என்று கட்டட அறிவியலாளர் ஜோசப் லிஸ்டிபுரெக் நெடுங்காலமாக வாதிட்டுவருகிறார். ஒப்பந்தக்காரர் பலர் வழக்கத்தை விடுவதாயில்லை. இந்த விடயத்தில் வழக்கத்தைவிட லிஸ்டிபுரெக்கை நம்புவதே மேல்.

இவ்வளவும் செய்யாதவர் இறுதியில் காப்புறுதி நிறுவனத்திடம் போவார். அங்கேதான் அவர் முதலிற் கேட்கத் தவறிய கேள்வி அவரிடம் கேட்கப்படும். கழிவுக் குழாய் வழி வந்த நீருக்குத் தனி மேலதிகக் காப்பு வேண்டும். நிலத்தின்மேல் வெள்ளமாக வந்த நீருக்கான வீட்டுக் காப்பு கனடாவிற் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதே 2015இல்தான். அத்திவாரச் சுவரால் நாளடைவில் கசிந்த நீர் பெரும்பாலும் பராமரிப்புக் குறை என்று தள்ளப்படும். முழங்காலளவு நீரில் மிதக்கும் கலியாண அல்பத்தைக் கையிலேந்தி நிற்பவரிடம், அந்த நீர் எந்த வழியால், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று விசாரிக்கும் அதிகாரியின் நுணுக்கம், யாழ்ப்பாணத்துப் பெரியம்மா ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரை விசாரிக்கும் நுணுக்கத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். பூச்சும் பொறியும் வாங்கக் கடைக்குப் போகுமுன், அடுத்த பெருமழையின்போது குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வீட்டை ஒருமுறை சுற்றி, பீலியின் நீர் எங்கே விழுகிறது, விழுந்தபின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். சுவரோரமே விழுந்தால் பீலிக்கு ஒரு நீட்டுக் குழாய் போடுங்கள், அதற்குச் சில பத்து டொலருக்கு மேற் செலவாகாது. மிளகாய்ப் பாத்தியை வேலிப் பக்கமாக மாற்றும்படி தாத்தாவிடம் யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும்.